போரால் பாதிக்கப்பட்டோருக்காக ஓர் இசை மாலை: திருகோணமலையில் முதல் தடவை நடத்துகிறவர்களுக்கு

முதல் தடவை நாங்கள் உதவி நிதிக்காக இசைநிகழ்ச்சி வைத்தபோது சனம் நிரம்பி வழிந்தது. கைதட்டலுக்கும் குறைவில்லை. மறுநாள் காலை கணக்குப் பார்த்தால், எல்லாச் செலவும் போகக் கையில் மிஞ்சியது கதிரைக்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. வெளியூர் இசைக்குழு, அவர்களுக்கு வான், தங்குமிடம், சுழலும் விளக்குகள், இருபத்திரண்டு பொன்னாடைகள். பொன்னாடைக் கணக்கைக் கூட்டி முடித்ததும் எங்கள் பொருளாளர் பேனையை மூடி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சின்னதும் பெரியதுமாகப் பல செய்துவிட்டோம். இப்போது இளம் பிள்ளைகள் சிலர் வந்து, "அண்ணா, நாங்களும் ஒன்று வைக்கப் போறம், எங்க தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடத் தெரிந்தவர்கள் திருகோணமலையில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதில் உங்களுக்கு என் புத்தி தேவையில்லை. ஆட்கள் தடுக்கி விழுவது பட்டியலிலும் அனுமதியிலும் ரிக்கெட்டிலும் காற்றிலும்தான்.

மேடைக்கு முன் ஆளைத் தேடுங்கள்

"போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி" என்று நோட்டீஸில் அடித்தால் அது ஒருவரையும் குறிக்காது. எங்கள் மாவட்டத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை விதமான ஆட்கள்! 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கத்திலிருந்து வெளிக்கிட்டு மட்டக்களப்பு வரை போய், பிறகு கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்து, 2015, 2016இல்தான் சொந்தக் காணியை மிதித்தவர்கள் இருக்கிறார்கள். அதே 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்ப் பக்கம் ஓடிய முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லைக் கிராமங்களில் ஆளை இழந்த சிங்களக் குடும்பங்களும் உண்டு. 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து உறவுகளை நம்பி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், பிள்ளை எங்கே என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார், உடம்புக்குள் ஷெல் துண்டோடு கூலிக்குப் போகிறவர்கள். ஒரு மாலைப் பாட்டில் இவர்கள் எல்லோருக்கும் செய்ய முடியாது. ஒரு தேவையை எடுங்கள், அதையும் முடியுமானவரை சின்னதாக எடுங்கள்.

ஓர் உதாரணம். செயற்கைக் கால் ஒருதரம் போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோதுதான் விளங்கியது. அந்த ஐயா திண்ணையில் இருந்து காலைக் கழற்றிக் காட்டினார். கால் பொருந்தும் கிண்ணத்துக்குள் பழைய பெனியன் துணியை நாலாக மடித்துத் திணித்திருந்தார். வருடம் போகப் போகத் தொடையிலோ கெண்டையிலோ மிஞ்சிய சதை சுருங்கும், கிண்ணம் தளரும், தளர்ந்தால் உரசும், உரசினால் புண். அதனால் சில வருடங்களுக்கு ஒருதரம் மாற்றியே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற இடங்களில் கால் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே போக பஸ் காசு, கூடப்போகும் ஆளின் செலவு, அளவெடுத்துப் பொருத்தும் நாட்களின் கூலி நட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு கூலித் தொழிலாளியை வீட்டிலேயே இருத்திவிடும். "ஐந்து பேருக்குப் போய்வரும் செலவும் அந்த நாட்களின் கூலியும்" என்று ஓர் இலக்கு வைத்தால், அது நோட்டீஸில் எழுதக்கூடிய இலக்கு. எவ்வளவு காசு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம், பிறகு காட்டலாம்.

அந்த ஐயா எங்களை அனுப்பும்போது ஒன்று சொன்னார்: "தம்பி, பாட்டுக் கச்சேரி வையுங்க, நான் வந்து கேக்கிறன். மேடைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க."

அன்றிலிருந்து எங்கள் மேடையில் பயனாளி ஒருவரும் ஏறுவதில்லை. பெரிய அட்டையில் காசோலை அடித்து, ஒரு விதவைத் தாயைப் பிடித்து நிறுத்தி, நாலு பிரமுகர் சுற்றிநின்று படம் எடுக்கும் அந்த வழக்கத்தை நீங்கள் தொடங்கவே வேண்டாம். "சனம் நம்ப வேண்டாமா?" என்று கேட்பார்கள். சனம் நம்புவதற்குக் கணக்கு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பட்டியலை நம்பாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று வாங்குங்கள், கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் மாதர் சங்கத்திடமும் ஒவ்வொன்று, பள்ளிக்கூட அதிபரிடமோ கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ இன்னொன்று. நாலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாப் பட்டியலிலும் இருக்கிற பெயர் ஏற்கெனவே பல இடங்களில் உதவி வாங்கியிருக்கக்கூடும். ஒன்றில் மட்டும் இருக்கிற பெயரைத்தான் முதலில் போய்ப் பாருங்கள். முன்பு மூதூருக்கு லோஞ்ச் படகு பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, பிறகு மற்றப் பாலங்களும் வந்தபின் காலையில் மோட்டார் சைக்கிளில் போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். தூரம் என்ற சாட்டு இனிமேல் செல்லாது.

பட்டியல் எந்த இனத்துக்கு என்று கேள்வி வரும், திருகோணமலையில் வராமல் இருக்காது. தேவையை முதலில் தீர்மானித்துவிட்டால் பதில் லேசு: கால் இல்லாதவருக்கு என்றால் கால் இல்லாத எல்லோருக்கும்தான்.

ஏழு பேர், ஒரு வங்கிக் கணக்கு

ஏற்கெனவே பதிவுள்ள சங்கம் ஒன்றின் பெயரில் செய்யுங்கள். பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், வாசிகசாலை, எதுவென்றாலும் சரி. புதிதாகப் பதிந்து, அது கைக்கு வந்து, பிறகு வங்கிக் கணக்குத் திறந்து என்று போனால் மழைகாலம் வந்துவிடும். காசு ஒரு தனி ஆளின் கணக்குக்குள் ஒரு நாளும் போகக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இரண்டு கையெழுத்து இல்லாமல் காசு எடுக்க முடியாத கணக்காக இருக்கட்டும். போர் என்ற சொல்லோடு காசு சேர்த்தால் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கேட்க ஆட்கள் வருவார்கள். இந்த நாட்டில் 1979ஆம் ஆண்டிலிருந்து பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் காசும் அதே சங்கக் கணக்குக்கே வரட்டும், அனுப்பியவர் பெயரோடு. எல்லாம் எழுத்தில் இருந்தால் கேட்க வருகிறவருக்குக் கொப்பியைத் திறந்து காட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

குழுவுக்கு ஏழு பேர் போதும். ஒருவர் கட்டாயம் சிங்களத்தில் எழுதப் பேசத் தெரிந்தவர். ஏன் என்பது பொலிஸ் நிலையத்தில் விளங்கும்.

நாளும் இடமும்

ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை எங்களுக்கு மாரி. அந்தக் காலத்தில் திறந்த வெளியை நினைக்கவே வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை வானம் நல்லம், ஆனால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று இருக்கிறது. பங்குனியில் கோணேசர் கோயிலிலும் பத்திரகாளி அம்பாள் கோயிலிலும் திருவிழா, மாசியில் சிவராத்திரி முடிய கோணேசர் நகர்வலம். அந்த நாட்களில் ஊரே தெருவில் நிற்கும், உங்கள் கதிரைகளில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நோன்பு மாதத்து மாலை, போயா தினம், சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலம், மூன்றையும் தவிருங்கள்.

இன்னும் சில நாட்கள் உண்டு. மே நடுப்பகுதி பல வீடுகளில் விளக்கேற்றி அழுகிற நாட்கள்; அப்போது கீபோட் வேண்டாம். டிசம்பர் 26 சுனாமி நாள். ஜனவரி 2, 2006இல் இதே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட நாள். காலண்டரில் சும்மா இருக்கிற திகதி என்று பிடித்துவிட்டு, ஒரு தாய் வந்து "அண்டைக்கா தம்பி பாட்டு வைக்கிறீங்க?" என்று கேட்டால் பதில் இராது.

இடத்துக்கு என் சிபாரிசு பள்ளிக்கூட மண்டபம். கூரை உண்டு, கழிப்பறை உண்டு, வாசல் ஒன்றிரண்டுதான் என்பதால் ரிக்கெட் பார்க்கலாம். அதிபரின் வாய்ச்சொல் மட்டும் போதாது, வலயக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் கேட்க வேண்டியிருக்கும், அதனால் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். கடற்கரை வடிவுதான், ஆனால் ரிக்கெட் இல்லாமல் பார்க்கிறவர்களுக்கும் அதே வடிவு. ஏகாம்பரம் விளையாட்டரங்கு புதியவர்களுக்கு வேண்டாம்: ஐந்நூறு பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தது போலிருக்கும், பாடுகிறவரின் மனமும் விழுந்துவிடும்.

நேரம்: பின்னேரம் நாலரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடியுங்கள். கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வீடு போக வேண்டும். எட்டு மணிக்கு முடிகிறது என்று தெரிந்தால் பெண்கள் பிள்ளைகளோடு வருவார்கள், அவர்கள் வந்தால்தான் மண்டபம் நிறையும்.

அனுமதிகள்

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கட்டாயம். உங்கள் பிரிவுப் பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்: திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், பொறுப்பாளர் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், இட உரிமையாளரின் சம்மதக் கடிதத்தின் பிரதியும். பல நேரம் படிவம் சிங்களத்தில்தான் கையில் வரும். விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அதற்குத்தான் அந்த ஏழில் ஒருவர். இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது என்பது 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளையிலிருந்து வருகிறது. "இன்னும் ஒரு பாட்டு சேர்" என்று பொலிஸ்காரரிடம் கெஞ்சி வேலையில்லை.

உள்ளூராட்சி சபையில் களியாட்ட வரி பற்றிக் கேளுங்கள். ரிக்கெட் விற்கும் எந்த நிகழ்ச்சிக்கும் அந்தப் பேச்சு வரும். தர்ம காரியத்துக்கு விலக்குக் கேட்கலாம், ஆனால் நிகழ்ச்சிக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும். முடிந்தபின் கேட்டால் சிரிப்பார்கள். சபையின் முத்திரை இல்லாத ரிக்கெட்டை விற்கத் தொடங்காதீர்கள். இடையில் நாடகம் போடுவதாக இருந்தால் அதன் பிரதிக்குப் பொது அரங்காற்றுகைச் சபையின் அனுமதி வேறாக வேண்டும். அதிர்ஷ்டச் சீட்டிழுப்புக்கும் தனி அனுமதி உண்டு. முதல் தடவை இரண்டையும் விட்டுவிடுங்கள், தலையிடி குறையும்.

பாட்டுகளுக்கும் உரிமை உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. தர்மத்துக்குப் பாடுகிறோம் என்பதால் ஒருவர் இசையமைத்த பாட்டு நமக்குச் சும்மா வந்துவிடாது. முகநூலில் நேரடியாகப் போட்டால் சினிமாப் பாட்டு வந்ததும் சத்தம் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு நாங்கள் கண்ட வழி, நிகழ்ச்சியில் பெரும்பங்கை உள்ளூர்க்காரர் எழுதி மெட்டமைத்த பாட்டுகளுக்கும் பழைய நாட்டார் பாட்டுகளுக்கும் கொடுப்பது. அது நிகழ்ச்சிக்கும் நல்லதாகவே முடிந்தது.

செலவு

எங்கள் சட்டம் ஒன்றுதான்: ரிக்கெட் காசில் செலவுக்குத் தொடுவதில்லை. மண்டபம், சவுண்ட், கதிரை, அச்சு எல்லாம் அனுசரணையால் மூடப்பட வேண்டும். மூடவில்லையா, செலவைக் குறைக்க வேண்டும். உதாரணத்துக்கு, கடைகளிடமிருந்து ஒரு லட்சம்தான் சேர்ந்தது என்றால் நிகழ்ச்சி ஒரு லட்சத்து நிகழ்ச்சிதான். அதற்குமேல் விளக்கு வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த விளக்குக்கு அவரே காசு தரட்டும்.

கடைக்காரரிடம் காசு கேட்பதைவிடப் பொருள் கேட்பது லேசு. தண்ணீர்ப் போத்தல் ஒருவர், வடையும் பிளேன்ரீயும் ஒருவர், அச்சகக்காரர் நோட்டீஸ். சும்மா தந்ததையும் அதன் பெறுமதியோடு கணக்குக் கொப்பியில் எழுதுங்கள்.

பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம் மூன்றையும் அடியோடு வெட்டுங்கள். கோபிப்பவர்கள் இரண்டொருவர் இருப்பார்கள், அடுத்த வருடம் சரியாகிவிடுவார்கள்.

ரிக்கெட்: காசு ஒழுகுகிற ஓட்டை

எங்கள் முதல் நிகழ்ச்சியில் எண் போடாத ரிக்கெட்டுகளை அச்சடித்து, "யார் விற்கிறது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் கத்தை கத்தையாகக் கொடுத்துவிட்டோம். எத்தனை கொடுத்தோம், எத்தனை விற்றது, எத்தனை காசு வரவேண்டும், மூன்றும் ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் களவெடுக்கவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒருவர் பத்தை மச்சானுக்குச் சும்மா கொடுத்திருந்தார், இன்னொருவரின் காசு சட்டைப் பையோடு தோய்த்துப்போனது, வேறொருவர் வெளிநாடு போய்விட்டார்.

இப்போது செய்கிற முறை இது. ஒவ்வொரு ரிக்கெட்டுக்கும் தொடர் இலக்கம், அடிக்கட்டையிலும் அதே இலக்கம். இருபத்தைந்து ரிக்கெட் ஒரு புத்தகம். ஒரு கொப்பியில் கோடு போட்டு: புத்தக இலக்கம், எடுத்தவர் பெயர், திகதி, கையெழுத்து, திருப்பிய திகதி, விற்றது, காசு. ஒருவர் ஒரு புத்தகத்தின் காசைக் கட்டாமல் அடுத்ததை எடுக்க முடியாது, குழுத் தலைவராக இருந்தாலும். நிகழ்ச்சிக்கு இரண்டு நாளுக்கு முன் விற்காத எல்லாம் திரும்பி வரவேண்டும், அவைதான் வாசலில் விற்கப்படும். வாசலில் இரண்டு பேர்: ஒருவர் காசு வாங்குகிறவர், மற்றவர் ரிக்கெட் கிழிக்கிறவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது.

விலையை இரண்டு வகைக்கு மேல் வைக்காதீர்கள். ஒன்று ஒரு பஸ் நடத்துனரோ தையல்காரியோ யோசிக்காமல் கொடுக்கக்கூடியது. மற்றது வசதியுள்ளவருக்கான நன்கொடைச் சீட்டு. அதற்கு முன்வரிசைக் கதிரை கிடையாது, பற்றுச்சீட்டு மட்டும். முன்வரிசையை வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் விடுங்கள். மேலே சொன்ன ஐயா போன்றவர்களுக்கு ரிக்கெட்டை வீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும், மற்றவர்களுடைய ரிக்கெட்டைப் போலவே தோன்றுகிற ரிக்கெட். வாசலில் "இவர் பயனாளி, விடுங்கோ" என்று ஒருவர் கத்தக் கூடாது.

விளம்பரத்துக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பது இன்னும் வேலை செய்கிறது (அதுவும் பொலிஸ் அனுமதிக்குள் வரவேண்டும்). வட்ஸ்அப் குழுக்கள் போதுமான அளவு இருக்கின்றன. சுவரொட்டியில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நாங்கள் கோதுமை மாக் கூழ் காய்ச்சி இரவோடிரவாக ஒட்டிவிட்டு வந்தோம். விடியப் போய்ப் பார்த்தால் இடுப்பளவு உயரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. புள்ளிமான் நாலு நின்று கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது, அதன் வாயில் எங்கள் திகதி. திருகோணமலை நகருக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கதை என்று நினைப்பார்கள். கோட்டைப் பக்கம் ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள். வாழை, மாவிலைத் தோரணத்துக்கும் இதே கதிதான்.

யார் பாடுவது, யார் பேசுவது

ஊர் ஆட்களை எடுங்கள். பள்ளிக்கூடச் சேர்ந்திசைக் குழு ஒன்று இருந்தால் அந்த முப்பது பிள்ளைகளின் வீட்டார் நூறு பேர் வருவார்கள், இது கணக்கு. கர்நாடக இசை அரை மணி, நாதஸ்வரம் தவில் கால் மணி, ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்துக் கூத்துப் பாட்டோ வசந்தன் பாட்டோ ஒன்று, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து பொல்லடி, கடைசியில் மெல்லிசை. சிங்களப் பாட்டு ஒன்றிரண்டு பாடக்கூடிய பிள்ளை இருந்தால் விடாதீர்கள். ஒருவர் சம்பளம் வேண்டாம் என்றாலும் வந்துபோகும் செலவையும் இரவுச் சாப்பாட்டையும் கொடுங்கள். தவில்காரருக்கு அது தொழில். அன்றைக்கு ஒரு கலியாண வீட்டை விட்டுவிட்டு வந்திருப்பார். அவருக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

உடம்பைக் குலுக்கும் பாட்டு வைக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் குழுவில் சண்டை வரும். வைக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு முகாரி மட்டும்தான் என்று யார் சொன்னது? சோகப் பாட்டை மூன்று மணித்தியாலம் கேட்க அவர்களுக்கே முடியாது. ஆனால் துப்பாக்கிச் சத்தம், வெடிச் சத்தம் போன்ற ஒலிகளைக் கீபோட்டிலோ ஒக்டபாட்டிலோ அடிக்க வேண்டாம் என்று வாத்தியக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். பட்டாசும் வேண்டாம். ஒருதரம் மேடையோரம் பலூன் ஒன்று வெடித்தது. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்த பிள்ளையைக் கதிரைக்குக் கீழே இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு பலூனும் கட்டுவதில்லை.

பேச்சுக்கு வருவோம். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. இப்படிப் போனால் பாடகரின் தொண்டை காய்ந்துவிடும். விளக்கேற்றுங்கள், இரண்டு நிமிடம் எதற்காகக் காசு சேர்க்கிறோம் என்று சொல்லுங்கள், பாட்டைத் தொடங்குங்கள். அரசியல்வாதி வந்தால் வரவேற்றுக் கதிரை கொடுங்கள், மைக் கொடுக்காதீர்கள். அறிவிப்பாளரிடமும் ஒவ்வொரு இடைவெளிக்கும் எத்தனை வரி என்று எழுதிக் கொடுங்கள்; எங்கள் நாட்டு அறிவிப்பாளர்களுக்குக் குரல் வளம் அதிகம், நேரம் தெரியாது.

சத்தமும் காற்றும்

சவுண்ட்காரரை நிகழ்ச்சிக்கு ஒரு கிழமை முன் மண்டபத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். வெறும் மண்டபத்தில் கைதட்டிப் பாருங்கள்: சத்தம் திரும்பி வந்தால் பேச்சு விளங்காது. பின்சுவரில் தடித்த திரைச்சீலையோ பாயோ தொங்கவிட்டால் பாதி குறையும். பெரிய ஸ்பீக்கரை முன்னால் அடுக்குவதைவிடச் சின்ன ஸ்பீக்கர்களை நடுவிலும் இரண்டு வைத்தால் பின்னாலிருப்பவருக்கும் கேட்கும், முன்னாலிருப்பவரின் நெஞ்சும் அதிராது. பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது ஆளுக்கொரு மைக் தேவையில்லை. நல்ல மைக் இரண்டை உயரத்தில் வையுங்கள். நாதஸ்வரத்துக்கு மண்டபத்துக்குள் மைக்கே வேண்டாம்.

"ஊம்" என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டால் பெரும்பாலும் எர்த் பிழை, அல்லது கரண்ட் வயரும் மைக் வயரும் ஒட்டி ஓடுகின்றன. இரண்டையும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஜெனரேற்றரைச் சுவருக்கு அந்தப் பக்கம், புகை உள்ளே வராத திசையில் வையுங்கள். நிகழ்ச்சிக்கு முன் அதை ஒருதரம் ஓடவிட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.

பிடிவாதமாகக் கடற்கரையில்தான் வைப்போம் என்றால் காற்றைப் படியுங்கள். கச்சான் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கடலை மேடைக்குப் பின்னால் வைத்தால் படத்துக்கு நல்ல வடிவு. ஆனால் பாட்டு சனத்தை நோக்கி வர, காற்று அதற்கு எதிராக அடித்து, சொல்லெல்லாம் கடலுக்குப் போகும். நாங்கள் அப்படித்தான் ஒருதரம் மீனுக்குக் கச்சேரி வைத்தோம். மேடையைத் தரைப் பக்கமாக வைத்து, முதுகில் காற்று வாங்கும்படி கடலைப் பார்க்கத் திருப்புங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் பாடகர் பாடாதபோதும் "புஸ்... புஸ்..." என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மிருதங்கத் தோல் கடல் ஈரத்துக்குத் தளர்ந்து சுருதி இறங்கும், வித்துவானுக்கு மேடையேறக் கால் மணி கூடுதலாகக் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அன்றைய நாள்

முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர், போன் வெளிச்சத்தில் படிக்கக்கூடிய பெரிய எழுத்து நிகழ்ச்சி நிரல் நாலு பிரதி. உள்ளே நன்கொடைப் பெட்டி வைப்பதானால் பூட்டின் சாவி ஒருவரிடமும் பெட்டி இன்னொருவரிடமும். கடைவீதியில் உண்டியல் குலுக்க ஆசை வந்தால் முதலில் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காசை அன்றிரவே மூன்று பேர் இருந்து எண்ணி, தாளில் எழுதி, மூவரும் கையெழுத்திட வேண்டும். எவ்வளவு களைப்பென்றாலும் "நாளைக்குப் பார்ப்பம்" என்று விடக்கூடாது. மறுநாள் வங்கி திறந்ததும் முழுக்காசும் கணக்குக்குள் போகட்டும். சவுண்ட்காரருக்குக் கொடுக்க வேண்டியதையும் அந்தக் காசிலிருந்து பிரிக்காமல், அனுசரணைக் காசிலிருந்து தனியாகக் கொடுங்கள்.

கதிரைகளை எண்ணித் திருப்புங்கள். எத்தனை வந்தது என்று எண்ணாமல் வாங்கியிருந்தால் உடைந்ததாகச் சொல்லப்படுகிற நாலு கதிரைக்கும் காசு கொடுப்பது நீங்கள்தான்.

கொடுப்பதும் காட்டுவதும்

பத்து நாளுக்குள் கொடுத்து முடியுங்கள். பயணச் செலவு என்றால் அவரவர் வங்கிக் கணக்குக்கு, தையல் மெஷின் என்றால் கடைக்கு நேராகக் காசைக் கட்டி, உத்தரவாத அட்டையைக் குடும்பத்தின் பெயரில் எழுதி வாங்கி. வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேர் போதும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லம். படம் எடுக்காதீர்கள். சங்கத்தின் கோப்புக்கு ஒரு கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதி, அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து ஒருதரம் போய்ப் பாருங்கள். மெஷின் மூலையில் தூசு பிடித்துக் கிடந்தால் அது அந்தப் பெண்ணின் பிழையல்ல, ஊசியும் நூலும் வாங்கக் காசு வேண்டும் என்று யோசிக்காத நம்முடையது. எங்களுக்கு அப்படி ஆனது. அடுத்த முறை மெஷினோடு மூன்று மாதத்துக்கான துணியும் நூலும் சேர்த்து இலக்கு வைத்தோம்.

கணக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ரிக்கெட் எத்தனை அச்சடித்தோம், எத்தனை விற்றோம், எத்தனை திரும்பியது. அனுசரணை யார் யார் எவ்வளவு. செலவு வரி வரியாக. உதவி எத்தனை குடும்பத்துக்கு, என்னென்னவுக்கு. பெயர் வேண்டாம், கிராமப் பெயரும் சின்னக் கிராமம் என்றால் வேண்டாம். குழுவில் இல்லாத ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியரோ கணக்கு வாத்தியாரோ, பார்த்துக் கையெழுத்திடட்டும். பிறகு அதை ரிக்கெட் விற்ற ஒவ்வொரு கடையிலும், மண்டபத்து வாசலிலும், வட்ஸ்அப்பிலும் போடுங்கள். வெளியே சுவரில் போடுவதென்றால் கூழ் பூசாமல் கண்ணாடிப் பெட்டிக்குள், நெஞ்சுயரத்துக்கு மேலே.